கிழமரமும் புதுக்கையும்

கல்வி என்பது கொடுப்போன், கொள்வோன் என்னும் இருவருக்கிடையே நிகழும் கொடுக்கல் வாங்கல் என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். ஆசிரியர் நன்கு கற்பித்தால் மாணாக்கருக்கு ஆக்கம். கற்பியாதொழிந்தால் அம்மாணாக்கருக்கே கேடு. கணக்குப் பாடம் பிழைத்த பிள்ளை தன் தேர்விலே தவறுவான். இலக்கணம் அறியாதவன் தன் கட்டுரையைக் கெடுத்துக்கொள்வான். இம்மட்டில் இது உண்மையே. ஆயினும் சில கல்விகள் இவ்விருவரோடு முடிவதில்லை. அவற்றிலே மூன்றாமவர் ஒருவர் உளர். அவர் வகுப்பறையில் இல்லை. ஆசிரியர் இன்னாரென அறியார். பாடத்தை வகுத்த காலத்தில் அவரை ஒருவரும் கலந்துகொண்டதுமில்லை. ஆனால் பாடம் பிழைத்தால் அப்பிழையின் பளு முழுவதையும் தம் உடம்பிலே தாங்குபவர் அவரே. தாதியர் கல்வி அத்தகையது. அங்கே மூன்றாமவர் நோயாளி.

ஆகவே, தாதியர் பயிற்சிக்கூடத்தில் ஒரு பாடத்தை எவ்வாறு அமைப்பது என்னும் வினா வெறும் ஆசிரியத் திறமை பற்றியதுதானா, அன்றி அறம் பற்றியதா? அறம் பற்றியதே என்பது எம் துணிபு. அதற்குரிய காரணங்களை அன்பர்கள் நடுநிலையோடு எண்ணிப் பார்க்க வேண்டுகின்றோம்.

எம் அன்னையார் பால்மரத் தோட்டத்திலே முப்பது ஆண்டு பால் வெட்டியவர். இருள் பிரியுமுன் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கியவர். அத்தொழிலைப் பற்றி அவர் எமக்குச் சொன்ன செய்தி ஒன்று உண்டு. பால்மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று இருக்கின்றது. கத்தி அதனைத் தொடலாகாது; ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் விட்டு வெட்டவேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் மரத்திலே காயம் விழும். காயம் ஆறிய பின்னும் அவ்விடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, மறுபடி அங்கே கத்தி வைக்க இடமில்லாமற் போகும். ஆதலின் புதிதாகக் கத்தி பிடிப்பவரைக் கங்காணி நல்ல மரத்தண்டை விடமாட்டாராம். வெட்டி வீழ்த்தக் குறித்து வைத்த கிழமரங்களிலேயே அவர்கள் கை பழகவேண்டுமாம். "புதுக்கைக்குக் கிழமரம்" என்பது அவர்கள் நிரையிலே வழங்கிய பேச்சு.

அதே அன்னையார் முதுமையில் நீரிழிவு கண்டு நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றிலே கிடந்தார். வீடு திரும்பும் நாளன்று பயிலும் தாதி ஒருத்தி கட்டிலருகே வந்தாள். வயது இருபது இராது. முகத்திலே அன்பிருந்தது, கை மட்டும் சற்று நடுங்கிற்று. மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, எது காலையில், எது இரவில், எது உணவுக்கு முன், எது உணவுக்குப் பின் என்று மனப்பாடம் செய்ததை நிறுத்தாமல் ஒப்பித்தாள். முடித்தவுடன், "பாட்டி, புரிஞ்சுதா?" என்றாள். "புரிஞ்சுது மிஸ்ஸி" என்றார் அன்னையார். அருகில் நின்ற மேற்பார்வைத் தாதி கையிலிருந்த தாளில் ஓர் அடையாளம் இட்டார். பாடம் தேறிவிட்டது.

நான்காம் நாள் விடியற்காலையில் அன்னையார் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறி உட்கார்ந்திருக்கக் கண்டோம். உணவு கொள்ளுமுன்பே நீரிழிவு மாத்திரையை விழுங்கியிருந்தார்; அதுவும் ஒன்றுக்கு இரண்டாக. விழுங்கும் நினைவு இருந்தமையால் சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்து, மீண்டும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றோம். பிழைத்துக்கொண்டார். பின்னர் ஒருநாள், "ஏம்மா, புரியாததைப் புரிஞ்சுதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டோம். அவர் சொன்ன விடை இன்றும் எம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. "அந்தப் பிள்ளை பரீட்சை எழுதுற மாதிரி பயந்துகிட்டு நின்னுச்சு. நான் புரியலைன்னு சொன்னா அதுக்குத்தானே ஏச்சு விழும்?"

அன்பர்களே, இங்கே நிகழ்ந்ததைச் சற்றே ஆராய்க. தாதி நோயாளிக்கு இரங்க வேண்டிய இடத்தில் நோயாளி தாதிக்கு இரங்கினார். அந்தப் பெண்ணை நாம் நோகவில்லை. 'சொல்' என்று கற்பித்திருந்தனர், சொன்னாள். 'புரிந்ததா எனக் கேள்' என்று கற்பித்திருந்தனர், கேட்டாள். கற்பித்ததிலே ஒன்றையும் அவள் விட்டாளில்லை. பிழை பாடத்தில் இருந்தது. நோயாளியின் காதிலே சொல் விழுவதோடு தன் கடமை தீர்ந்தது என்று அப்பாடம் அவளுக்குக் கற்பித்தது. அவ்வாறன்றி, "பாட்டி, நான் சரியாச் சொன்னேனான்னு எனக்குத் தெரியணும். நாளைக்குக் காலையில வீட்டிலே இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடப் போறீங்க? எனக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க" என்று கேட்கப் பழக்கியிருந்தால் என்ன ஆகும்? தேர்வு நோயாளியினுடையதாகாமல் சொன்னவளுடையதாகிவிடும். நோயாளி நாணாமல் வாய் திறப்பார். தவறு கட்டிலருகே வெளிப்பட்டுவிடும். இன்று பல நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் இம்முறையைக் கற்பிக்கின்றனர். இதற்குப் பொருட்செலவு இல்லை, கருவி வேண்டுவதில்லை. பாடத்தை வகுத்தவர் அந்த மூன்றாமவரை ஒருகணம் நினைத்திருந்தாற் போதும்.

நிற்க. இவ்விடத்தில் ஒரு சாரார் குறுக்கிட்டு, "தாதித் தொழில் கற்பித்து வருவதன்று, அது பிறவிக் குணம். இரக்கமுள்ள பெண் தானே நல்ல தாதியாவாள், இரக்கமில்லாதவளுக்கு எத்தனை பாடம் நடத்தினும் பயனில்லை" என்பர். கேட்பதற்கு இது புகழ்ச்சி போலத் தோன்றும். உண்மையில் இது தாதியருக்கு இட்ட விலங்கு. பிறவிக் குணத்துக்குச் சம்பளம் எதற்கு என்னும் வாதமும், ஆண்மக்களுக்கு இத்தொழில் ஆகாது என்னும் வாதமும், நல்ல பள்ளி வேண்டுவதில்லை என்னும் வாதமும் இவ்வொரு வேரிலிருந்தே முளைக்கின்றன.

1854-இல் கிரிமியப் போரின்போது 38 தாதியருடன் ஸ்குட்டாரி இராணுவ ஆஸ்பத்திரிக்குச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேலை உலகம் கைவிளக்கேந்திய காரிகை என்று பாடிற்று. ஆனால் அவர் அங்கே இரக்கத்தை மட்டும் கொண்டு சென்றாரில்லை. கணக்குக் கொண்டு சென்றார். எத்தனை பேர் புண்ணால் இறந்தனர், எத்தனை பேர் தடுக்கத்தக்க நோயால் இறந்தனர் என்று எண்ணிப் படம் வரைந்து ஆட்சியாளர்முன் வைத்தார். 1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியிலே தாதியர் பள்ளி ஒன்று நிறுவப்படக் காரணமானார். தாதிமை பிறவியில் வருவது என அவர் நம்பியிருந்தால் பள்ளி எதற்கு? நம் பக்கத்தைப் பாருங்கள். சிங்கப்பூர்ப் பொது ஆஸ்பத்திரியிலே 1885-இல் பிரெஞ்சுக் கன்னிகாஸ்திரீகள் நோயாளிகளைப் பேணத் தொடங்கினர். தாதியர்க்கென்றே தனிப்பள்ளி அங்கே அமைந்தது 1956-இல். இடைப்பட்ட காலமெல்லாம் பயிற்சி ஆஸ்பத்திரிக்குள்ளேயே, வேலையோடு வேலையாக நடந்தது. வேலையோடு கற்பது இழிவன்று. ஆயினும் வேலை மிகுந்த நாளில் முதலிற் கைவிடப்படுவது கல்வியே என்பதை எத்தொழிலாளியும் அறிவார்.

இரக்கம் மட்டும் நோயாளியைக் காக்குமோ? அசைய மாட்டாது படுத்திருக்கும் முதியவர்மேல் அளவற்ற அன்புடைய மகள், "அப்பா தூங்கட்டும்" என்று இரவெல்லாம் ஒரே பக்கமாய்க் கிடக்க விடுகின்றாள். எலும்பு அழுந்திய இடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோல் சிவந்து, பின் படுக்கைப்புண்ணாகின்றது. குறித்த நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்கக் கற்றவள் அவர் தூக்கத்தைக் கலைக்கின்றாள். ஆனால் புண்ணைத் தடுக்கின்றாள். இவ்விருவரில் எவள் இரக்கமுடையவள்? அறிவோடு கூடாத இரக்கம் அழுதுகொண்டிருக்கும். அறிவோடு கூடியது எழுந்து கை கொடுக்கும். அன்றியும், இரக்கத்தின் பெரும்பகுதி கவனித்தலே. எங்கே பார்க்கவேண்டும், எதைக் கேட்கவேண்டும் என்று கற்றவர்க்கே பிறர் துன்பம் கண்ணிற் படும். கவனித்தலைக் கற்பிக்க முடியுமாதலால், இரக்கத்திலும் பாதியைக் கற்பிக்க முடியும் என்றே நாம் கொள்கின்றோம்.

இனி, கற்பிக்கலாம் என்றால் எங்ஙனம் கற்பிப்பது? "கட்டளை இடு, கீழ்ப்படிவர்" என்பது பழைய முறை. அதன் வலிமையையும் வறுமையையும் ஒருங்கே காட்டும் வரலாறு ஒன்று உண்டு.

வியன்னா நகரப் பொது ஆஸ்பத்திரியிலே பிரசவப் பகுதிகள் இரண்டு இருந்தன. முதற்பகுதி மருத்துவ மாணாக்கர் பயில்வது. இரண்டாம் பகுதி மருத்துவச்சிகள் பயில்வது. முதற்பகுதியிலே பிள்ளைபெற்ற தாய்மார் காய்ச்சல் கண்டு மடிவது இரண்டாம் பகுதியினும் பன்மடங்கு மிகுதி. தங்களை முதற்பகுதியிற் சேர்க்க வேண்டாமென்று பெண்கள் கெஞ்சினர். இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் காரணத்தைத் தேடினார். மருத்துவ மாணாக்கர் பிணத்தை அறுத்துப் பயின்ற கையோடு நேரே பிரசவ அறைக்கு வந்தனர். மருத்துவச்சி மாணவியருக்குப் பிண அறையிலே பாடமில்லை. 1847-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் சுண்ணகக் குளோரின் நீரிற் கைகழுவாமல் ஒருவரும் நோயாளியைத் தொடலாகாதெனக் கட்டளையிட்டார். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டாயிருந்த சாவு ஜூன் மாதத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டாகக் குறைந்தது.

அந்த மாணாக்கர் கொலைஞரல்லர், கற்க வந்தவர். அவர்கள் பாடமே தாய்மாரைக் கொன்றது. மூன்றாமவரை மறந்து பாடம் வகுத்தால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ? அன்றியும் பின்னே நிகழ்ந்ததைக் காண்க. கட்டளை பலித்தது, ஆனால் அதன் காரணத்தை அக்காலத்து மருத்துவர் உளங்கொள்ளுமாறு விளக்க அவரால் இயலவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றிய அறிவு அன்று உலகுக்கு வந்திலது. பெரியோர் பலர் அவர் கூற்றை ஏற்றிலர். அவர் மனமுடைந்து 1865-இல் மறைந்தார். காரணம் விளங்காத கட்டளை, கட்டளையிட்டவர் கண்முன் நிற்கும் வரையே உயிர்வாழும். இன்றும் பயிலும் தாதிக்குக் 'கைகழுவு' என்று மட்டும் கற்பித்தால், மேற்பார்வையாளர் அப்பால் திரும்பியதும் அவசரத்திலே கை வறண்டே இருக்கும். தன் கையிலிருந்து அடுத்த கட்டிலுக்குச் செல்வது இன்னதென அவள் அகக்கண்ணாற் கண்டிருந்தால், ஒருவரும் காணாத நள்ளிரவிலும் கழுவுவாள். விதியையும் கற்பிக்கவேண்டும், விதியின் உயிராகிய காரணத்தையும் உடன் கற்பிக்கவேண்டும்.

காரணம் அறிந்தாற் போதுமோ? போதாது என்பதை மற்றொரு சோதனை காட்டுகின்றது. இதனை நம் தமிழ்மக்கள் சிறப்பாகக் கருதவேண்டும்.

1966-இல் அமெரிக்காவிலே சார்லஸ் ஹாப்ளிங் என்னும் மனநோய் மருத்துவரும் அவருடைய தோழரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஆஸ்பத்திரியிற் பணியிலிருக்கும் தாதிக்குத் தொலைபேசியிலே ஒரு குரல் வரும். முன்பின் அறியாத ஒருவர் தம்மை டாக்டர் எனக் கூறிக்கொண்டு, இன்ன நோயாளிக்கு ஒரு மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்வார். அம்மருந்துக் குப்பியின்மேல், ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்று அச்சிட்டிருக்கும். தொலைபேசி வழியே மருந்துக் கட்டளை ஏற்பது அங்கே விதிக்கும் மாறு. குப்பியில் இருந்தது தீங்கற்ற சர்க்கரை உருண்டை. தாதி நோயாளியை அணுகுமுன் தடுத்து நிறுத்த ஆள் நின்றார். 22 தாதியரிலே 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டனர்.

இதனினும் வியப்பானது ஒன்று. இதே நிகழ்ச்சியைச் சொல்லி, "நீங்களாயிருந்தால் என் செய்வீர்கள்?" என்று 21 தாதி மாணவியரைத் தனியே கேட்டனர். 21 பேரும், "கொடுக்கமாட்டோம்" என்றனர். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நாம் எண்ணவில்லை. தாளிலே எழுதும் விடை வேறு. அதிகாரமுள்ள குரல் காதில் ஒலிக்கையில் நாவில் எழும் விடை வேறு. தேர்வுத்தாள் முன்னதை அளக்கும். நோயாளி உயிர் பின்னதைச் சார்ந்திருக்கும்.

பணிவை நாம் பெருங்குணமாகப் போற்றி வளர்ந்தவர்கள். தோட்டத்திலே துரைக்கு முன் கிராணி, கிராணிக்கு முன் கங்காணி, கங்காணிக்கு முன் கூலியாள் என்று வாய்பொத்தி நின்ற வழக்கம் நம் எலும்பிலே ஊறியிருக்கின்றது. அவ்வழக்கத்தில் வளர்ந்த பெண்ணையோ பிள்ளையையோ தாதியாக்கி, "டாக்டர் தவறினால் எடுத்துச் சொல்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் சொல்லிவிடுவரோ? துணிவும் பழக்கத்தால் வருவதே. ஆசிரியரே டாக்டராய் நடித்துத் தொலைபேசியிற் சினந்து பேசவேண்டும். மாணாக்கர், "டாக்டர், குப்பியில் எழுதிய அளவைவிட இது மிகுதி. எழுத்தில் வந்தாலன்றிக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. மேற்பார்வைத் தாதியை அழைக்கின்றேன்" என்று தம் வாயாலேயே சொல்லிப் பழகவேண்டும். முதல்முறை நாக் குழறும், குழறட்டும். வகுப்பிலே குழறிய நாத்தான் கட்டிலருகே திருந்திப் பேசும்.

இதற்கும் சான்றுண்டு. 1977-இல் வேறிருவர் இச்சோதனையைச் சற்று மாற்றி நடத்தினர். இம்முறை மருந்து தாதியருக்கு நன்கு தெரிந்தது. ஐயம் எழுந்தால் பிறரைக் கலந்து பேசவும் வாய்ப்பிருந்தது. 18 தாதியரிலே 16 பேர் அம்மிகையளவைக் கொடுத்தாரில்லை. முன்னவர்கள் கோழைகளும் பின்னவர்கள் வீரர்களும் அல்லர். அறிவும், கேட்பதற்கொரு துணையும் கூடினால் எளிய மனிதரும் அறத்தில் நிற்பர். தனித்து அறியாமையில் விட்டால் நல்லவரும் வழுவுவர். ஆகையால் ஒழுக்கத்தை உபதேசத்தால் ஊட்ட முயல்வதினும், ஒழுகுவதற்கேற்ற பாடத்தையும் சூழலையும் அமைத்துக் கொடுப்பதே ஆசிரியர் கடன்.

இப்பொழுது கிழமரத்திற்கு வருவோம். புதுக்கை யார்மேற் பழகுவது? நெடுங்காலமாக உலகெங்கும் அதற்குக் கிடைத்த விடை, ஏழை நோயாளி மேல் என்பதே. பணமுள்ளவர் தம் வீட்டிலே தேர்ந்த மருத்துவரை வருவித்துக்கொண்டார். இல்லாதவர் இலவசப் பகுதியிலே கிடந்து, பலர் கைபடுவதையே சிகிச்சைக்கு விலையாகக் கொடுத்தார். அவரை ஒருவரும் கேட்கவில்லை. தோட்டத்துரை தம் இளமரத்துக்குக் காட்டிய பாதுகாப்பை உலகம் ஏழையின் உடம்புக்குக் காட்டிற்றில்லை என்று சொன்னால் அது மிகையாகாது.

இவ்வநீதியைக் குறைக்க அறிஞர் கண்ட வழிகளுள் ஒன்று பொம்மை. 1911-இல் அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரத் தாதியர் பள்ளிக்காக, பொம்மை செய்வதிற் பேர்பெற்ற மார்த்தா சேஸ் என்னும் அம்மையார் ஆளுயர உருவம் ஒன்று செய்து கொடுத்தார். 'மிஸ்ஸஸ் சேஸ்' என்று மாணவியர் அழைத்த அவ்வுருவத்தைக் குளிப்பாட்டியும் புரட்டியும் அவர்கள் கை பழகினர். 1960-இல் நார்வே தேசத்து விளையாட்டுப் பொருள் வணிகர் ஆஸ்முண்ட் லார்டால், மூச்சு நின்றவரை உயிர்ப்பிக்கப் பயில்வதற்கென 'ஆன்' என்னும் உருவத்தைச் செய்தார். அதன் முகம், பாரிஸ் நகரத்து சேன் ஆற்றிலே பிணமாய்க் கிடைத்த பெயரறியாத இளம்பெண்ணொருத்தியின் முகவார்ப்பைப் பார்த்துச் செய்தது என்பது வழங்கும் வரலாறு. அது மெய்யாயின், அங்கும் ஒரு பெயரற்றவளே பயில்வோர்க்குத் தன்னைக் கொடுத்திருக்கின்றாள்.

முதற்பிழை பொம்மைமேல் விழட்டும் என்பது அறத்தின் முதற்படி. ஊசி போடுதல், குழாய் செலுத்துதல், நெஞ்சை அழுத்துதல் முதலியவற்றைப் பொம்மைமேல் தேறாத கை உயிருள்ளவர்மேற் படலாகாது. ஆயினும் பொம்மை நாணுவதில்லை. புரியாததைப் புரிந்தது என்று பொய் சொல்லித் தாதியைக் காப்பதில்லை; தன் மகன் ஏன் இன்னும் வரவில்லையென்று வாயிலைப் பார்ப்பதில்லை. எத்தனை நாள் பொம்மையோடு பயின்றாலும் ஒருநாள் ஒருவர் முதல் நோயாளியாகவே வேண்டும். இதனை மறைப்பதில் நேர்மையில்லை. நாளைய நோயாளிகள் தேர்ந்த தாதியைப் பெறும்பொருட்டு, இன்றைய நோயாளி ஒருவர் பழகாத கையைப் பொறுத்துக்கொள்கின்றார். இது அவர் நமக்குக் கொடுக்கும் கடன்.

கடன் என்றால் அதற்கு நெறிகள் உண்டு. கொடுப்பவர் அறிந்து கொடுக்கவேண்டும். "நான் பயிலும் தாதி. என் ஆசிரியர் அருகில் இருக்கின்றார். தாங்கள் சம்மதித்தால் நான் செய்கின்றேன், வேண்டாமென்றால் அவரே செய்வார்" என்று தெளிவாகக் கேட்பது முதல் நெறி. ஆசிரியர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது இரண்டாவது. அக்கடன் ஏழையின் கட்டிலில் மட்டும் வாங்கப்படாதிருப்பது மூன்றாவது. நான்காவதே முதன்மையானது. கடனைத் திருப்பிக் கொடுக்கும் வழி நன்கமைந்த பாடமன்றி வேறில்லை. ஆயத்தமின்றி வந்து பழைய குறிப்பேட்டைப் படித்துவிட்டுப் போகும் ஆசிரியர் தம் சோம்பலுக்கான வட்டியை, தாம் ஒருநாளும் காணாத ஒரு முதியவரின் உடம்பிலிருந்து வசூலிக்கின்றார்.

நன்கமைந்த பாடம் எத்தகையது என்பதைச் சுருங்கக் கூறுவோம். அது கடைசியிலிருந்து தொடங்கும். "இவள் இன்ன கட்டிலருகே இன்ன செயலைத் தனித்துச் செய்யவேண்டும்" என்று முதலில் தெளிந்து, அதற்கு வேண்டுவனவற்றை மட்டும் பின்னோக்கி வகுக்கும். ஆசிரியர் அறிந்ததையெல்லாம் கொட்டுவது பாடமன்று.

அது நினைவுக்கு வேலை கொடுக்கும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடங் கழித்துக் கேட்டபோது மிகுதியாகச் சொன்னார்கள். ஒரு வாரங் கழித்துக் கேட்டபோதோ, புத்தகத்தை மூடி வைத்துத் தாமே நினைவு கூர்ந்து பழகியவர்களே முந்தி நின்றார்கள். நோயாளி ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. வாரங் கழித்தும் ஆண்டு கழித்தும் வருவார். ஆகவே மாணாக்கரை இன்று மகிழ்விக்கும் பாடத்தினும் பிற்றைநாள் கைகொடுக்கும் பாடமே மேலானது.

அது புதியவர் கண்ணையும் அறிந்திருக்கும். பட்ரீஷியா பென்னர் என்னும் தாதிமை அறிஞர் 1984-இல் எழுதிய நூலிலே, புதியவர் விதிகளைப் பற்றிக்கொண்டு நடப்பதையும், பல்லாண்டு தேர்ந்தவர் நிலைமை முழுவதையும் ஒரே நோக்கிற் காண்பதையும் விளக்கினார். தேர்ந்த தாதி வாயிலில் நின்றபடியே "இவர் நிலை சரியில்லை" என்பார். எதனால் என்று கேட்டால் உடனே சொல்லத் தெரியாது. இத்தகையவர் ஆசிரியராகும்போது தம் மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லிப் பழகவேண்டும். "மூச்சை எண்ணினேன், நேற்றைவிட விரைவாயிருக்கின்றது. உதட்டின் நிறம் பார்த்தேன். போர்வையைத் தள்ளிவிட்டு அமைதியின்றிப் புரள்கின்றார்" என்று அவிழ்த்துக் காட்டினாலன்றிப் புதுக்கண்ணுக்கு அவை தெரியா.

இறுதியாக, அது பிழையைப் பேச இடங்கொடுக்கும். அமெரிக்க மருத்துவக் கழகம் 1999-இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு ஆஸ்பத்திரிகளிலே தவிர்க்கத்தக்க பிழைகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டது. பிழைசெய்தவரை ஏசுவதால் மட்டும் இது குறையாது, பிழை நிகழவொட்டாத முறைகளை அமைக்கவேண்டும் என்பதே அவ்வறிக்கையின் சாரம். வகுப்பிலே தவறிய மாணவியைப் பலர்முன் நாணச்செய்யும் ஆசிரியர் தவறாமையைக் கற்பிப்பதில்லை, மறைத்தலைக் கற்பிக்கின்றார். அம்மாணவி நாளை மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டு வாய்மூடி நிற்பாளாயின், அம்மௌனத்துக்கு ஆசிரியரும் பங்காளியே.

"இத்தனைக்கும் நேரமேது? ஆஸ்பத்திரிகளிலே ஆள் பற்றாக்குறை, விரைவிற் பயிற்றி அனுப்பு என்கின்றார்களே" என்று ஆசிரியர் கூறக்கூடும். அவர் துன்பம் மெய்யே. அதற்குப் பொறுப்பு அவருடையது மட்டுமன்று. ஆசிரியருக்கு நேரமும் துணையும் அளிக்காத நிருவாகமும், அதனைக் கேளாத பொதுமக்களும் பொறுப்பே. ஆயினும் விரைவு என்னும் பெயரால் அரைகுறைக் கையை அனுப்பினால் நேரம் மிஞ்சுவதில்லை. எம் அன்னையாரை இரண்டாம் முறை ஆஸ்பத்திரியிற் சேர்த்தபோது எத்தனை பேருடைய நேரம் சென்றது! முதல் நாளிலே இரண்டு நிமிடம் கூடுதலாகக் கேட்டிருந்தால் அவ்வளவும் மிஞ்சியிருக்கும்.

நமக்கும் இதிற் பங்குண்டு, அன்பர்களே. தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாய் மாறிவிட்டன. அவற்றிலே உழைத்து மூத்தவர்கள் நகரத்து ஆஸ்பத்திரிக் கட்டில்களிலே படுத்திருக்கின்றனர். பயிலும் பிள்ளை ஒன்று கட்டிலருகே வந்தால் அதனை விரட்டாதீர்கள். அதன் கையிலேதான் நாளை நம் மக்கள் படுப்பர். ஆனால் புரியாததைப் புரிந்தது என்றும் சொல்லாதீர்கள். "மிஸ்ஸி, எனக்குப் புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்பது அப்பிள்ளைக்குச் செய்யும் தீங்கன்று. அவ்வொரு சொல் அதற்குப் பள்ளியிற் கிடையாத பாடமாகும்.

ஆசிரியர்களை நாம் வேண்டுவதும் ஒன்றே. பாடக்குறிப்பை எழுத உட்காரும்போது, 'இது பிழைத்தால் யார் உடம்பிலே காயம் விழும்?' என்று தம்மைத் தாமே ஒருமுறை கேட்டுக்கொள்க. காயம் ஆறிய இடத்தில் மறுபடி கத்தி வைக்க முடியாதென்பதை எழுதப்படிக்கத் தெரியாத பால்வெட்டுக்காரி அறிந்திருந்தாள். தாம் ஒருநாள் புதுக்கையின்கீழ்க் கிழமரமாய்க் கிடக்க நேரும் என்பதை மட்டும் அவள் அறியாதிருந்தாள்.